சிவக்கும் சுருளும் சிவக்காத வயரும்

ஹொட் பிளேட்டின் சுவிட்சைப் போட்டால், சற்று நேரத்தில் மண் தட்டின் பள்ளத்தில் கிடக்கும் சுருள் கம்பி செக்கச்செவேல் என்றாகிவிடுகிறது. மேலே வைத்த கேத்தல் முனகத் தொடங்குகிறது. ஆனால் சுவரிலிருந்து ஹொட் பிளேட்டுக்கு வரும் வயரைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிவதேயில்லை. சுருளுக்குள் ஓடும் அதே மின்சாரம்தான், ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல், வயருக்குள்ளும் ஓடுகிறது. பிறகு எப்படி ஒன்று தணலாகிறது, மற்றது சும்மா கிடக்கிறது?

2021 கடைசியில் இலங்கையில் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் ஊருக்கு ஊர் வெடித்தன. அடுத்த ஆண்டு சிலிண்டரே கிடைக்காமல் போனது. திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும், நாட்டின் மற்றப் பகுதிகளைப் போலவே, விறகடுப்புக்கு இணையாக ஹொட் பிளேட்டும் அடுப்படிக்குத் திரும்பி வந்தது. கரண்ட் இருந்த நேரத்தில் மட்டும்தான் அது உதவியது என்பது வேறு கதை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது.

இதே கேள்வியை இன்னொரு சுருளைப் பார்த்தும் கேட்கலாம். அது ஏறத்தாழ ஒரு நெல்மணி அளவுதான். ‘வேப்’ என்று இளைஞர்கள் சொல்லும் இ-சிகரெட்டுக்குள் உட்கார்ந்திருப்பது. உலகின் பல நாடுகளில் அந்தச் சுருளை வாங்காமல் வீட்டிலேயே சுற்றிச் செய்து, மீற்றர் வைத்துச் சோதித்துப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஹொட் பிளேட்டைப் புரிந்துகொண்டால் இந்தக் குட்டிச் சுருள் புரியும். குட்டிச் சுருளைப் புரிந்துகொண்டால், துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிளக் ஏன் கருகுகிறது என்பதும் புரியும். இந்த அத்தியாயம் போகும் வழி அதுதான்.

தென்னந்தோப்பும் பற்றைக்காடும்

வயருக்குள் இருப்பது செம்பு. சுருளில் இருப்பது பெரும்பாலும் நிக்ரோம்: நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கலும் இருபது பங்கு குரோமியமும் கலந்த உலோகம். இரண்டிலும் மின்சாரம் என்பது இலத்திரன்களின் நகர்வு. இரண்டிலும் இலத்திரன்கள் தாராளமாக இருக்கின்றன. வேறுபாடு, அவை நடந்துபோகும் இடத்தில் இருக்கிறது.

சுத்தமான செம்பில் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் நிற்கின்றன. நூல் பிடித்து நட்ட தென்னந்தோப்புக்குள் ஓடுவது மாதிரி இலத்திரன் தடுக்கி விழாமல் நெடுந்தூரம் போய்விடும். நிக்ரோமில் நிக்கல் அணுவுக்குப் பக்கத்தில் நிக்கல் இருக்குமா குரோமியம் இருக்குமா என்பதற்கு ஒரு முறையும் கிடையாது. அது பற்றைக்காடு. இலத்திரன் இரண்டடி வைப்பதற்குள் எங்காவது மோதித் திசை மாறுகிறது. மோதும்போதெல்லாம் தன் சக்தியில் கொஞ்சத்தை அணுக்களிடம் கொடுத்துவிடுகிறது. அணுக்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்குத்தான் வெளியில் நாம் சூடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மின்னோட்டத்தை மறிக்கும் இந்தக் குணம்தான் தடை. அதை ஓம் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரே நீளமும் ஒரே தடிப்பும் உள்ள செம்புக் கம்பியையும் நிக்ரோம் கம்பியையும் எடுத்தால், நிக்ரோமின் தடை அறுபது மடங்குக்கு மேல். கம்பி நீண்டால் தடை கூடும். தடித்தால் குறையும், அதுவும் விட்டம் இரண்டு மடங்கானால் தடை காலாகிவிடும், ஏனென்றால் பாதையின் பரப்பு நான்கு மடங்காகிறது.

1840களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல் என்ற மதுபான ஆலைக்காரரின் மகன் தண்ணீருக்குள் கம்பியை வைத்து, மின்னோட்டத்துக்கும் சூட்டுக்கும் உள்ள கணக்கைக் கண்டுபிடித்தார். ஓட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதைத் தடையால் பெருக்கினால், ஒரு விநாடியில் பிறக்கும் சூடு வாட்டில் கிடைக்கும். பள்ளிப் புத்தகம் வலு என்று சொல்வது இதைத்தான்.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 1000 வாட் ஹொட் பிளேட் ஒன்று ஏறத்தாழ 4.35 அம்பியர் இழுக்கும். அதன் சுருளின் தடை சுமார் 53 ஓம். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள நிக்ரோம் கம்பியென்றால், சுருளைப் பிரித்து நீட்டிப் பிடித்தால் ஒன்பதரை மீற்றர் நீளும். இனி வயரைப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு, போக ஒன்றரை மீற்றர், வர ஒன்றரை மீற்றர். மொத்தத் தடை ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு. அதே 4.35 அம்பியர் அதற்குள் ஓடும்போது பிறக்கும் சூடு ஒரு வாட். அங்கே ஆயிரம், இங்கே ஒன்று. அந்த ஒரு வாட்டும் மூன்று மீற்றர் செம்பில் பரவிக் காற்றோடு போய்விடுகிறது. வயருக்கும் சூடு பிறக்கத்தான் செய்கிறது; கைக்குத் தெரியாத அளவு.

நெல்மணி அளவில் ஒரு ஹொட் பிளேட்

1906இல் அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் நிக்ரோமுக்குக் காப்புரிமை பெற்றார். டோஸ்ரர், இஸ்திரிப்பெட்டி, மின்னடுப்பு எல்லாமே அதற்குப் பிறகுதான் வீட்டுச் சாமானாயின. அதற்கு முன்பிருந்த கம்பிகள் சிவந்தால் காற்றில் எரிந்து துருவாகி உதிரும். நிக்ரோம் சிவக்கும்போது அதன் மேல் குரோமியம் ஒட்சைட்டு மெல்லிய தோலாகப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. சுவீடனில் ஹன்ஸ் வொன் கன்ற்சோ இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்து இன்னொரு கம்பியைச் செய்தார். 1931இல் அதற்கென்றே கம்பனி வந்தது. கந்தால் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

சூடாக்கி உறிஞ்சும் புகையற்ற சிகரெட்டுக்கு ஹேர்பேட் கில்பேட் என்ற அமெரிக்கர் 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை வாங்கினார். யாரும் சீந்தவில்லை. இன்று கடைக்கு வருபவற்றின் வம்சம் 2003இல் சீன மருந்தாளர் ஹொன் லிக்கிடமிருந்து தொடங்குகிறது. உள்ளே உள்ள பொறி மிக எளிது: ஒரு பற்றறி, ஒரு கம்பிச் சுருள், அதன் நடுவே பஞ்சுத் திரி, திரியில் ஊறிய திரவம். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகி, திரவம் ஆவியாகிறது.

இலங்கையில் புகையிலை சேர்ந்த இ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையை 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் தடைசெய்தன. இந்தியா 2019இல் எல்லா வகை இ-சிகரெட்டையும் சட்டம் போட்டு விலக்கியது. ஆகவே இங்கே வருவது கம்பியின் கணக்கு. புகைக்கச் சொல்லும் சிபாரிசு அல்ல. இந்தச் சுருளை எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில்லாமல், விரல் நுனியில் வைத்து முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய மின்னடுப்பு இதைவிட வேறு கிடையாது.

ஆறு சுற்று

சுருள் செய்பவர்கள் வழக்கமாக எடுக்கும் கந்தால் கம்பி ஒன்று 0.4 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு மீற்றருக்குப் பதினொன்றரை ஓம். அதை மூன்று மில்லிமீற்றர் டிரில் பிட்டின் தண்டில், சுற்றோடு சுற்று ஒட்டி உட்காரும்படி, இறுக்கிச் சுற்றுகிறார்கள். கம்பி வில் மாதிரித் திமிரும், விட்டால் அவிழும். முனையைக் குறட்டால் பிடித்து இழுத்தபடியே தண்டைத்தான் உருட்ட வேண்டும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு கம்பி? தண்டு மூன்று, கம்பியின் தடிப்பையும் சேர்த்தால் நடுவிட்டம் 3.4 மில்லிமீற்றர். சுற்றளவு 10.7. ஆறு சுற்றுக்கு 64 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் திருகாணியில் பிடிக்கும் கால்களுக்குச் சேர்த்துப் பத்து. மொத்தம் 74 மில்லிமீற்றர், அதாவது 0.85 ஓம். லித்தியம் அயன் பற்றறி ஒன்றின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் வரும்.

4.35 அம்பியர்.

தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். ஆயிரம் வாட் ஹொட் பிளேட்டுக்குள் ஓடும் அதே மின்னோட்டம் இந்த விரல்நுனிச் சுருளுக்குள்ளும் ஓடுகிறது. ஆனால் இங்கே பிறப்பது 16 வாட் மட்டும்தான். ஓட்டம் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் சூடு எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா?

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். வயரைவிடச் சுருளுக்குத் தடை அதிகம், அதனால்தான் அது சிவக்கிறது என்று சொன்னோம். அப்படியானால் இ-சிகரெட் சுருளில் ஒரு சுற்றைக் கூட்டித் தடையை ஏற்றினால் சூடு கூட வேண்டும். நடப்பது நேர்மாறு. ஆறு சுற்றை ஐந்தாகக் குறைத்தால் தடை 0.73 ஓமுக்கு இறங்கி, வலு 16இலிருந்து ஏறத்தாழ 19 வாட்டுக்கு ஏறுகிறது. கம்பியைக் குறைக்கக் குறைக்கச் சூடு கூடுகிறது.

இரண்டும் உண்மை. கேள்வி இரண்டு வேறு கேள்விகள். பற்றறியோ மின்சார சபையின் இணைப்போ தருவது ஏறக்குறைய மாறாத அழுத்தம். அதற்குக் குறுக்கே மொத்தமாக எவ்வளவு தடை வைக்கிறோம் என்பது மொத்த ஓட்டத்தையும் மொத்தச் சூட்டையும் தீர்மானிக்கிறது. தடை குறைந்தால் ஓட்டம் பாயும், சூடு பெருகும். ஆனால் அந்த மொத்தச் சூடு ஒரே வழியில் அடுத்தடுத்து நிற்கும் துண்டுகளுக்குள் எப்படிப் பங்காகிறது என்பது வேறு கணக்கு. அங்கே ஓட்டம் எல்லாருக்கும் பொது. எந்தத் துண்டுக்குத் தடை அதிகமோ அந்தத் துண்டு பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. அறுந்துபோன ஹொட் பிளேட் சுருளைத் திருத்தும் வழக்கம் போதும். புதுச் சுருள் வாங்கச் சோம்பல்பட்டு, இரண்டு முனையையும் இழுத்துக் கொக்கி மாட்டி முறுக்கிவிடுவார்கள். கருகிய துண்டை வெட்டியதில் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தடை 48 ஓமுக்கு இறங்கும். வலு 1100 வாட்டுக்கு ஏறும். “திருத்தின பிறகு முந்தியைவிட நல்லா சிவக்குது” என்று வீட்டில் சொல்வது பொய்யில்லை.

ஆனால் முறுக்கிய இடத்தைக் கவனிக்க வேண்டும். பழைய கம்பியின் மேல் ஒட்சைட்டுத் தோல் இருக்கிறது. இரண்டு கம்பியும் உண்மையில் தொடுவது ஊசிமுனை அளவு சில இடங்களில்தான். அந்த மூட்டின் தடை அரை ஓம் என்றாலே, அங்கே 11 வாட்டுக்கு மேல் பிறக்கும். சுருளின் மற்ற இடங்களில் ஒரு சென்ரிமீற்றர் கம்பிக்கு வெறும் 1.3 வாட். மூட்டு வெண்சிவப்பாகி, இன்னும் ஒட்சைட்டுப் பிடித்து, இன்னும் தடை ஏறி, ஒரு நாள் அதே இடத்தில் அறுகிறது. மொத்தத் தடை குறைந்ததால் அடுப்பு முழுவதும் சூடு கூடியது. ஓர் இடத்தில் மட்டும் தடை கூடியதால் அந்த இடம் செத்தது. கம்பி மறுபடி மறுபடி முறுக்கிய இடத்திலேயே அறுவதற்குக் கைராசியைக் குறை சொல்வதில் பயனில்லை.

மீற்றரும் ஒரு பொத்தானும்

சுற்றிய சுருளைப் பற்றறியோடு சேர்ப்பதற்கு முன்பு அளப்பது கட்டாயம். சாதாரண மல்டிமீற்றரில் ஓம் அளவைத் தெரிவுசெய்து இரண்டு முனையையும் வைத்தால் 0.85 வர வேண்டும். வருவது 1.1. கணக்குப் பிழைத்துவிட்டதா? இல்லை. மீற்றரின் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கும் அவற்றின் சொருகிகளுக்கும் சேர்த்துக் கால் ஓம் அளவில் தடை இருக்கும். 53 ஓம் ஹொட் பிளேட்டை அளக்கும்போது அது யார் கண்ணிலும் படாது. ஒரு ஓமுக்குக் குறைந்த சுருளில் அது கால்வாசிக்கும் மேற்பட்ட பிழை. ஆகவே முதலில் மீற்றரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்து, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு கழிக்கிறார்கள்.

எண் நிலையில்லாமல் ஆடினால் திருகாணி இறுகவில்லை என்று பொருள். பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் கம்பியின் கால் எங்கோ உலோக உடம்பில் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த சோதனை கண்ணுக்கு. திரியும் திரவமும் இல்லாமல், குறைந்த வலுவில் பொத்தானை ஒரு விநாடி அழுத்தி விடுகிறார்கள். திரும்ப அழுத்தி விடுகிறார்கள். நல்ல சுருள் நடுச் சுற்றிலிருந்து சிவந்து இரண்டு ஓரத்துக்கும் பரவும். ஓரத்துச் சுற்றுகள் கால் வழியாகச் சூட்டைத் திருகாணிக்கு இழந்துகொண்டிருப்பதால் பிந்துகின்றன. நடுவில் இல்லாமல் ஓர் ஓரத்திலோ காலிலோ புள்ளியாகச் சிவந்தால், அங்கே சுற்றுகள் ஒழுங்காக உட்காரவில்லை. சூடு ஆறியபின் சாமணத்தால் நெருக்கி மறுபடி பார்ப்பார்கள்.

சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் சுருள் வழியே போகாமல் குறுக்கே தாவிவிடாதா? தொடக்கத்தில் கொஞ்சம் தாவத்தான் செய்கிறது. புதுச் சுருளின் முதல் சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பது அதனால்தான். இரண்டு மூன்று முறை சிவந்த பிறகு கந்தாலின் மேல் அலுமினியம் ஒட்சைட்டு படிந்துவிடுகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி தானே தனக்கு உறை போட்டுக்கொள்கிறது, சிவப்பும் சீராகிறது.

இந்த 74 மில்லிமீற்றர் கம்பியின் எடை ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்குதான். 16 வாட்டைக் கொட்டினால், சூடு வெளியே போகாதிருக்கும் வரை, விநாடிக்கு 500 பாகைக்கு மேல் ஏறும். பொத்தானை அழுத்திய கையோடு சிவப்பதன் இரகசியம் வலுவில் இல்லை. எடை இன்மையில் இருக்கிறது.

திரி காய்ந்தால்

கம்பியின் மேற்பரப்புக்குச் சூட்டைப் பங்கு போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு. ஹொட் பிளேட் கம்பியில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏழு வாட்டுக்குச் சற்றுக் குறைவு. குட்டிச் சுருளில் பதினேழு. நியாயப்படி இதுதான் அதிகமாகச் சிவக்க வேண்டும். பாவனையில் இது சிவப்பதே இல்லை.

காரணம் திரவம். அது பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் சேர்ந்த கலவை. முன்னது 188 பாகை செல்சியஸில் கொதிக்கும், பின்னது 290இல். கொதிக்கும் திரவம் சூட்டை எல்லாம் ஆவியாவதற்கே செலவிட்டுவிடும். திரி நனைந்திருக்கும் வரை கம்பி இந்த எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கும். தண்ணீர் உள்ள கேத்தல் உருகாது. தண்ணீர் வற்றினால் அடி பிடிக்கும். இங்கும் திரவம் பஞ்சுக்குள் ஏறும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடினால், சில கணங்களில் பஞ்சு கருகுகிறது. கிளிசரினும் கிளைக்கோலும் சிதைந்து அக்ரோலின், போமல்டிகைட்டு போன்ற நஞ்சுகள் பிறக்கின்றன.

2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு குழு எழுதியது: 3.3 வோல்ட்டில் இயக்கியபோது போமல்டிகைட்டை வெளிவிடும் சேர்வைகள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன. திரி காய்ந்து கருகிய நிலையில் எடுத்த அளவு இது, அந்தக் காரத்தை எந்த மனிதனும் உறிஞ்ச மாட்டான் என்று எதிர்ப்பும் உடனே வந்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் அழுத்தம், தடை, திரி மூன்றையும் தன் கையாலேயே மாற்றுபவருக்கு அந்த எல்லை எங்கே என்று சொல்ல நாக்கைத் தவிர வேறு கருவி இல்லை என்பதும் அந்தச் சண்டையிலேயே வெளிவந்துவிட்டது.

கம்பியும் அப்பாவி அல்ல. 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் நாளாந்தம் பாவிப்பவர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்தார்கள். குப்பியில் இருந்த திரவத்தைவிட, சுருளைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் போன்றவை மிகக் கூடுதலாக இருந்தன. தோலாகப் படிந்து கம்பியைக் காக்கும் ஒட்சைட்டு நுரையீரலையும் காக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

கன்னியாவில் ஒரு வாளி

திருகோணமலையிலிருந்து அநுராதபுர வீதியில் சற்றுத் தூரம் போனால் கன்னியா. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள். கிணற்றுக்குக் கிணறு சற்றே வேறுபட்டாலும் தண்ணீர் சுமார் 40 பாகையில் இருக்கும். வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கிணறு ஆறுவதில்லை.

பத்து லீற்றர் வாளித் தண்ணீரை 28 பாகையிலிருந்து அந்த 40க்குக் கொண்டுவர ஹொட் பிளேட் எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும், சூடு சிந்தாமல் இருந்தால். திரி இல்லாமல் 600 பாகைக்கு மேல் ஏறிச் செக்கச்செவேல் என்றாகும் அந்தக் குட்டிச் சுருளைத் தண்ணீருக்குள் வைத்தால்? எட்டரை மணித்தியாலம் போதாது. வெப்பநிலை என்பது வேறு, வெப்பத்தின் அளவு வேறு. சிவப்பு நிறம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கன்னியாத் தண்ணீர் எந்தக் கம்பியையும் சிவக்க வைக்காது. ஆனால் நிலத்துக்கு அடியிலிருந்து அது சுமந்து வரும் வெப்பத்துக்கு முன்னால் ஹொட் பிளேட்டுகள் வரிசையாக நிற்க வேண்டும்.

பற்றறியின் கோபம்

கையால் சுருள் செய்பவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியது பெரும்பாலும் சுருள் அல்ல, பற்றறி. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதால் 18650 என்று அழைக்கப்படும் லித்தியம் அயன் பற்றறி, மடிக்கணினிக்குள்ளும் பெரிய டோர்ச்சுகளுக்குள்ளும் இருப்பதுதான். முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட். அதன் உட்தடை ஒரு ஓமில் நூறில் சில பங்கு மட்டும். சுருளின் தடையை 0.2 ஓமுக்கு இறக்கினால் 21 அம்பியர் பாயும், 88 வாட் பிறக்கும். இந்த வகைப் பற்றறிகள் பலவற்றுக்கு அது தாங்கும் எல்லைக்கு வெளியே. சட்டைப்பையில் சாவிக்கொத்தோ சில்லறையோ இரண்டு முனையையும் இணைத்தால் ஓட்டம் நூறு அம்பியரையும் தாண்டலாம். அப்போது பெரும்பங்குச் சூடு பற்றறியின் உள்ளேயே பிறக்கிறது. உள்ளே எரியக்கூடிய கரைப்பான் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவரும், 2019 தொடக்கத்தில் ரெக்சஸில் ஒருவரும் இ-சிகரெட் வெடித்து இறந்தார்கள்.

உப்புக் காற்றில் ஒரு பிளக்

இனி வீட்டுச் சுவருக்குத் திரும்பலாம். உட்துறைமுகத்துக்கும் டச்சுக் குடாவுக்கும் நடுவே கிடக்கும் நிலத்துண்டில்தான் திருகோணமலை நகரின் பழைய பகுதி இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல். சோளகத்திலும் வாடையிலும் உப்புக் காற்று வீட்டுக்குள் வரும். யன்னல் கொளுக்கி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். சுவர்ச் சொக்கற்றின் துளைக்குள் பித்தளைத் தகடு மங்கிப் பச்சை பிடிப்பது தெரியாது.

அந்தத் தகடு தளர்ந்து, களிம்பு பிடித்து, பிளக் காலைத் தொடும் இடத்தில் தடை 0.85 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஹொட் பிளேட்டைப் போட்டால் 4.35 அம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அந்தத் தொடுமுனையில் பிறக்கும் சூடு ஏறத்தாழ 16 வாட். இ-சிகரெட் சுருளில் பிறந்த அதே அளவு. அங்கே அதை எடுத்துக்கொள்ள நனைந்த திரி இருந்தது. இங்கே சுற்றிலும் பிளாஸ்டிக். பிளக் கால் சூடேறுகிறது, தகட்டின் வில் இழுவை தளர்கிறது, தடை மேலும் ஏறுகிறது. பிளக்கைச் சுற்றி மண்ணிறக் கறை படிந்து, மீன் கருகியது மாதிரி ஒரு வாடை வரும். மீன் பொரிக்கும் வீட்டில் அதை யார் கவனிப்பார்கள்?

“ட்ரிப் சுவிட்ச் விழவில்லையே, பிறகு என்ன பயம்?” என்று கேட்பது வழக்கம். ட்ரிப் சுவிட்ச் இரண்டு வகை. ஓட்டம் அளவுக்கு மிஞ்சினால் ஒன்று விழும். ஓட்டம் நிலத்துக்குக் கசிந்தால் மற்றது விழும். தொடுமுனையின் தடை மொத்த ஓட்டத்தைக் கூட்டுவதில்லை, 4.35 அம்பியரை 4.28க்குக் குறைக்கிறது. கசிவும் இல்லை. பெட்டியில் உள்ள எந்த சுவிட்சுக்கும் அங்கே ஒரு அடுப்பு எரிவது தெரிய வழியில்லை.

கைக்குத் தெரியும். பத்து நிமிடம் ஹொட் பிளேட்டைப் போட்டு, சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி அதன் பித்தளைக் கால்களைத் தொட்டுப் பார்ப்பதுதான் சோதனை. மூன்று காலில் ஒன்று மட்டும் சுட்டால், பிளக்கை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்ப்பதில் பயனில்லை. பழுது பெரும்பாலும் சுவருக்குள் உள்ள தகட்டில். மெயின் சுவிட்சை இறக்கி, சொக்கற்றை மாற்ற வேண்டும்.